தண்ணீர் விடாத வட்டிலப்பம்

நோன்புப் பெருநாளன்று திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவிலிருந்து எங்கள் வீட்டுக்கு, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு சட்டி வரும், அப்பாவின் கூட்டாளி வீட்டிலிருந்து. 2009 இல் பாலம் திறக்கும்வரை அது ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, யாருடைய மடியிலாவது இருந்து வரும். பொங்கலுக்கு நாங்கள் வடையும் பொங்கலும் அனுப்புவோம். வட்டிலப்பம் மலாய்க்காரர் வழியாக வந்த பலகாரம் என்பார்கள். எனக்கு அது கிண்ணியாப் பலகாரம்தான்.

தின்று வளர்ந்த எனக்கு அவிக்கத் தெரியவில்லை. மூன்று தரம் அவித்தேன். மூன்று தரமும் மேலே முட்டைப் பொரியல், கீழே மண்ணிறத் தண்ணீர். கடைசியில் அந்த வீட்டு உம்மாவின் குசினியில் போய் நின்று பார்த்தேன்.

தேவையானவை: கித்துள் கருப்பட்டி 250 கிராம், முட்டை 5, கெட்டியான தேங்காய் முதற்பால் 250 மி.லி., ஏலக்காய்த் தூள் அரைத் தேக்கரண்டி, சாதிக்காய் கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு, கஜு (முந்திரிப் பருப்பு) ஒரு கைப்பிடி. வனிலா போடாதீர்கள், கித்துள் வாசம் செத்துப் போகும். கித்துள் மழை கூடிய ஈரவலயத்தில் வளரும் பனை இன மரம், நம் பக்கம் பனைதான். அதனால் கடையில் கிடைப்பதை ஒரு துண்டு கடித்துப் பார்த்து வாங்குங்கள். புகை மணம் இல்லாமல் வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் சீனி கலந்த கட்டி.

கருப்பட்டியைச் சீவி, பாலில் போட்டு, மிகச் சிறிய நெருப்பில் கரையுங்கள். கொதிக்க விடக் கூடாது. கரைந்ததும் வடித்துவிடுங்கள், அடியில் மண் கிடக்கும்.

இனித்தான் நான் வழுக்கிய இடம். அவசரத்தில் சூடான பாகை முட்டையில் ஊற்றினேன், அது அங்கேயே வெந்துவிட்டது. சின்ன விரலை விட்டுப் பாருங்கள், சூடே தெரியக் கூடாது. முட்டையை முள்ளுக்கரண்டியால் கலக்கினால் போதும். பீட்டரை அலுமாரியிலேயே விட்டுவிடுங்கள், நுரை வந்தால் உள்ளே ஓட்டை விழும். (ஓட்டை விழுந்தால்தான் வட்டிலப்பம் என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. அவர்கள் பீட்டரை எடுக்கலாம்.) பாகையும் முட்டையையும் சேர்த்து, ஏலக்காய், சாதிக்காய், உப்புப் போட்டு, தேயிலை வடியில் இன்னொரு தரம் வடியுங்கள்.

சிறு கோப்பைகளில் ஊற்றி, அலுமினியத்தாளால் இறுக்கி மூடுங்கள். இடியப்பம் அவிக்கும் சட்டியில் தண்ணீர் கொதித்த பிறகு கோப்பைகளை வைத்து, நெருப்பைக் குறையுங்கள். நான் குறைத்தது உம்மாவுக்குப் போதவில்லை. “தண்ணி கொதிக்கிற சத்தம் கேக்கக் கூடாது புள்ள” என்றார். சூடு கூடினால் முட்டை இறுகி, தன்னிடம் இருக்கும் ஈரத்தையே பிழிந்து வெளியே விடும். என் மண்ணிறத் தண்ணீர் அதுதான். சட்டி மூடிக்கு ஒரு துணியும் கட்டிவிடுங்கள், ஆவி சொட்டாது.

பதினைந்து நிமிடத்தில் தாளைத் திறந்து கஜுவைத் தூவுங்கள். முதலே போட்டால் அடிக்குப் போய்விடும். மீண்டும் மூடி, இன்னும் இருபது நிமிடம். ஈர்க்கால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும், கோப்பையை ஆட்டினால் நடு மட்டும் கொஞ்சம் நடுங்க வேண்டும். அப்போதே இறக்குங்கள்.

பின்சேர்க்கை: குக்கரில் அவிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். வெயிட் போடாமல் அவிக்கலாம். டொரண்டோவில் இருந்து எழுதியவர் டின் பாலைக் குலுக்காமல் ஊற்றியிருக்கிறார், மேலே கட்டி, கீழே நீர். நன்றாகக் குலுக்கித் திறவுங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் தண்ணீர் நின்றது என்ற இன்னொருவரிடம் விசாரித்தால், கோப்பையைக் கொதிக்கிற தண்ணீருக்குள்ளேயே இறக்கியிருக்கிறார்! தட்டுக்கு மேலேதான் வைக்க வேண்டும். பனங்கட்டியில் செய்யலாமா? செய்தேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் லேசாக உப்புக் கரிக்கும், உப்புச் சிட்டிகையை விட்டுவிடுங்கள்.

அவித்த அன்றே தின்னாதீர்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறி. பெருநாள் வெள்ளியில் வந்தால் சட்டி ஃபிரிட்ஜில் சனி விடியும்வரை காத்திருக்கும், நாங்களும்தான். அந்த வருஷங்களில் வந்த வட்டிலப்பம்தான் நாக்கில் நிற்கிறது.