ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜொய்ஸ்டிக்: பழுது ஸ்டிக்கிலா, பழக்கத்திலா?

கொழும்பில் பழைய ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஜொய்ஸ்டிக் ஒன்று (கணினியில் விமானம் ஓட்டும் கேம்களுக்கான, மோட்டரால் கைக்கு எதிர்விசை தரும் ஸ்டிக்) கைமாறும்போது கூடவே ஒரு வசனமும் கைமாறும்: “சாமான் நல்ல சாமான்தான் அண்ணை, ஆனா ஸ்டிக் இடைக்கிடை ஒரு மாதிரி நிக்கும்.” வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோய், தன் பழைய ஸ்ப்ரிங் ஜொய்ஸ்டிக்குக்கு வைத்திருந்த செட்டிங் எல்லாவற்றையும் அப்படியே இதற்கும் போடுவார். கொஞ்ச நாளில் அதே வசனத்தோடு அடுத்தவருக்கு விற்றுவிடுவார். இப்படிப் பழுதென்று பெயரெடுத்த ஸ்டிக்குகள் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. ஸ்ப்ரிங்குக்குப் பழகிய கையும் செட்டிங்கும்தான் அங்கே குழப்பம் செய்கின்றன.

இந்த ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவர உள்ளே ஸ்ப்ரிங் இல்லை. முன்பின் அசைவுக்கு ஒரு மோட்டர், இடவல அசைவுக்கு ஒரு மோட்டர். நடுவில் நிறுத்துவது, இழுத்தால் எதிர்ப்பது, துப்பாக்கி சுடும்போது அதிர்வது எல்லாமே மோட்டரின் வேலை. எவ்வளவு இழுக்க வேண்டும் என்று கணத்துக்குக் கணம் சொல்வது கேம். ஆகவே கோளாறு என்று வந்தால் மின்சாரம், விண்டோஸ், கேமின் செட்டிங், விமானம், கடைசியாகத்தான் ஸ்டிக் என்ற வரிசையில் தேட வேண்டும். எங்கள் ஆட்கள் ஸ்குரூ டிரைவரோடு தொடங்குவார்கள்.

வாங்கும்போதே நடக்கும் தவறு ஒன்று. பெட்டியில் ‘வைப்ரேஷன்’ என்று போட்டிருந்தால் அது ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஆகாது. கேம்பேடில் இருப்பதுபோல ஒரு சின்ன மோட்டர் உள்ளே சுழன்று கையை நடுக்கும், அவ்வளவுதான். உண்மையான ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டிக்குகள் எண்ணிக்கையில் குறைவு. மைக்ரோசொஃப்ட்டின் சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் புரோ 1997இல் வந்தது, அதன் யூஎஸ்பி வாரிசான சைட்வைண்டர் ஃபோர்ஸ் ஃபீட்பேக் 2, 2000ஆம் ஆண்டில். லொஜிடெக்கின் ஜி940 2009இல். அதன்பிறகு பெரிய கம்பனிகள் நீண்ட காலம் இந்தப் பக்கம் திரும்பவில்லை. இப்போது விபிஃபோர்ஸ் ரைனோ, மோசா ஏபி9 போன்றவை கிடைக்கின்றன, ஆனால் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் இங்கே பலரும் இருபது வருடம் தாண்டிய சைட்வைண்டர் 2ஐத்தான் தேடுகிறார்கள். தேடுவதில் நியாயம் இருக்கிறது, விண்டோஸ் 10இலும் 11இலும் தனி டிரைவர் இல்லாமலே அது வேலை செய்யும்.

கனடாச் சாமான், லண்டன் சாமான்

சைட்வைண்டர் 2இன் பவர் சப்ளை உள்ளேயே இருக்கிறது. சுவரில் இருந்து வரும் வயர் நேராக ஸ்டிக்குக்குள் போகிறது. டொரொண்டோவில் இருக்கும் மாமா சூட்கேசுக்குள் வைத்துக் கொண்டுவந்தது 120 வோல்ட் சாமான். எங்கள் சுவரில் 230 வோல்ட். புறக்கோட்டையில் வாங்கிய பிளக் அடப்டரை மாட்டிச் செருகினால் ஒரு சத்தம், ஒரு மணம், கதை முடிந்தது. அடப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான், வோல்ட்டை அது தொடுவதில்லை. அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்க்காமல் எந்தப் பழைய ஸ்டிக்கையும் செருக வேண்டாம். 120 என்று இருந்தால் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும், அதுவும் லேபிளில் உள்ள வொட்ஸைவிடத் தாராளமாகத் தாங்கக்கூடியதாக. லண்டனில் இருந்து வந்த சாமானுக்கு இந்தத் தலையிடி இல்லை, எங்கள் 13 அம்பியர் சதுரப் பின் சொக்கெட்டில் அப்படியே பொருந்தும்.

இன்னொன்று யூபிஎஸ். கணினியை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு ஸ்டிக்கைச் சுவரில் செருகுவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. கரண்ட் போனால் கேம் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டர் மட்டும் செத்துவிடும், ஸ்டிக் ஒரு பக்கம் துவண்டு சாயும், விமானமும் கூடவே சாயும். 2022இல் மணிக்கணக்கில் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்குக்கு முன்னால் எந்தச் செட்டிங்கும் நிற்காது. ஆனால் ஸ்டிக்கையும் அதே யூபிஎஸ்ஸில் போட்டிருந்தால் தரையிறக்கவாவது நேரம் கிடைக்கும். யூபிஎஸ் தாங்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரான்ஸ்ஃபோமர் வழியாக ஓடும் ஸ்டிக்கை மலிவு யூபிஎஸ்ஸில் போடாமல் இருப்பது நல்லது. பற்றரியில் ஓடும்போது அவற்றில் பல தருவது சுத்தமான சைன் அலை அல்ல, ட்ரான்ஸ்ஃபோமர் இரைந்து சூடாகும்.

செட்டிங் பக்கம்

முதல் தவறு எல்லாவற்றையும் நூறுக்கு ஏற்றுவது. காசு கொடுத்து வாங்கியதன் பலம் கையில் தெரிய வேண்டும் என்ற ஆசை. மோட்டரின் முழுப் பலத்தையும் நடுவுக்கு இழுக்கும் விசையே எடுத்துக்கொண்டால், இரைச்சல், ஸ்டோலுக்கு (இறக்கை தூக்குவிசையை இழப்பதற்கு) முந்தைய உதறல், பீரங்கியின் அடி எதற்கும் மிச்சமிருக்காது. மோட்டர் ஏற்கனவே உச்சத்தில் இருக்கும்போது அதன்மேல் என்ன சேர்த்தாலும் கைக்குத் தெரியாது. “இந்த ஸ்டிக்கில் ஸ்டோல் தெரியுதில்லை” என்பவர்களின் செட்டிங்கைத் திறந்து பாருங்கள், ஸ்ப்ரிங் 100இல் நிற்கும். அதைப் பாதிக்குக் குறைத்து, அதிர்வைக் கூட்டி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள்.

அடுத்தது கேர்வும் (ஸ்டிக்கின் அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்று சொல்லும் கோடு) டெட்ஸோனும் (அசைவைக் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி). ஸ்ப்ரிங் ஸ்டிக்கில் நடுவைச் சுற்றி உணர்திறனைக் குறைக்க வளைந்த கேர்வ் போடுவோம், அங்கே அது சரி. ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் ட்ரிம் செய்தால், அதாவது கையை எடுத்தாலும் விமானம் அதே நிலையில் பறக்கும்படி சரிசெய்தால், ஸ்டிக்கின் நடு நிலையே இடம்பெயர்ந்துவிடும். அரைவாசி முன்னே தள்ளிய நிலையில் ஸ்டிக் ஓய்ந்து நிற்கும், ஆனால் கேர்வ் இன்னும் பழைய நடுவில்தான் மென்மையாக இருக்கும். இப்போது நீங்கள் பறப்பது கேர்வின் செங்குத்தான பகுதியில், சின்ன அசைவுக்கே விமானம் துள்ளும். டெட்ஸோன் இருந்தால் ட்ரிம் அந்தக் குழியைக் கடக்கும்போது ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று நடக்கும். கேர்வை நேர்கோடாக்குங்கள், டெட்ஸோனைச் சுழியமாக்குங்கள். முதல் நாள் கைக்கு ஒத்துவராது, பரவாயில்லை.

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர்விமான சிமுலேட்டரில் இரண்டு பொறிகள் உண்டு. புதிதாகச் செருகும் ஒவ்வொரு சாதனத்துக்கும், ரடர் பெடல், த்ரொட்டில் உட்பட, பிட்ச் (மூக்கு ஏறி இறங்குவது), ரோல் (இடவலம் சாய்வது) அச்சுகளை அது தானாகவே கொடுத்துவிடும். பிறகு பெடலை மிதித்தால் மூக்கு தாழும், பழி ஸ்டிக்கின் தலையில் விழும். மற்றச் சாதனங்களில் இருக்கும் அந்த அச்சுகளை ஒவ்வொன்றாக அழியுங்கள். மற்றது, மேலே இழுக்கும் விசை பக்கவாட்டில் வருவது அல்லது தலைகீழாக வருவது. மோட்டர் வயர் மாறிவிட்டது என்று திறக்கப் போகிறார்கள். ஸ்டிக்கின் அச்சைத் தெரிவு செய்துவிட்டு எஃப்எஃப் டியூன் என்ற பொத்தானை அழுத்தினால், அச்சுகளை இடம் மாற்றவும் எக்ஸ், வையைத் தனித்தனியாகத் தலைகீழாக்கவும் பெட்டிகள் இருக்கின்றன. வேலை ஒரு நிமிடம்.

ஹெலிகொப்டர் ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்ப்ரிங் ஸ்டிக்கில் ட்ரிம்மை அழுத்தியதும் ஸ்டிக்கை நடுவுக்கு விட்டுவிடுவது பழக்கம், கேமும் அதை எதிர்பார்த்துக் காத்திருக்கும். ஃபோர்ஸ் ஃபீட்பேக்கில் ட்ரிம்மை விட்டதும் ஸ்டிக் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். டிசிஎஸ்ஸின் கா-50 ஹெலிகொப்டரின் சிறப்புச் செட்டிங்கில் ட்ரிம்மர் முறை மூன்று உண்டு. அதில் ஸ்ப்ரிங் இல்லாத, ஃபோர்ஸ் ஃபீட்பேக் உள்ள ஸ்டிக்குக்கான முறையைத் தெரிவு செய்யாமல் பறந்தால் ஒவ்வொரு ட்ரிம்முக்கும் ஒரு குட்டிக்கரணம்தான்.

ஆல்ட் டாப் அடித்து வட்ஸ்அப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விசை காணாமல் போயிருக்கும். டைரெக்ட்இன்புட் என்ற, கேம்கள் ஸ்டிக்கோடு பேசும் விண்டோஸ் வசதியில் விசை அனுப்ப ஒரு கேம் அந்த ஸ்டிக்கைத் தனக்கென்று பூட்டி வைத்திருக்க வேண்டும். விண்டோ மாறினால் பூட்டு கழன்றுவிடும், சில கேம்கள் திரும்பி வந்து அதைச் சரியாகப் போடுவதில்லை. மிஷனைத் திரும்பத் தொடங்குங்கள், அதற்கும் சரிவராவிட்டால் கேமை மூடித் திறவுங்கள். மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் ஒரு விசையும் வராததற்குக் காரணம் வேறு. ஜொய்ஸ்டிக்குக்கு விசை அனுப்பும் வசதி அந்த சிம்மிலேயே இல்லை, இடையில் இன்னொரு மென்பொருள் வேண்டும்.

ஸ்டிக் இறுகினால் விமானத்தைக் கேளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த ‘பழுது’ இதுதான். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களில் இருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையில் இருந்து பிரித்தானிய விமானப் படையின் 30ஆவது ஸ்குவாட்ரனும், றேஸ்கோர்ஸ் மைதானத்தில் அமைத்த ஓடுபாதையில் இருந்து 258ஆவது ஸ்குவாட்ரனும் ஹரிக்கேன் போர்விமானங்களோடு எழும்பின. இன்று றேஸ்கோர்ஸில் கோப்பி குடிப்பவர்கள் இதை நினைப்பதில்லை. பழைய ‘ஐஎல்-2 1946’ சிமுலேட்டரில் ஹரிக்கேனும் இருக்கிறது, ஜப்பானியரின் ஜீரோவும் இருக்கிறது, ஆகவே அந்தக் காலையை வீட்டில் ஓட்டிப் பார்க்க ஆசை வருவது இயல்பு. (ஜெட்டில் எனக்கு மனம் போவதில்லை. கிபிர் போர்விமானத்தின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.)

ஜீரோவில் ஏறி, உயரத்தில் இருந்து ஹரிக்கேனின் பின்னால் பாய்கிறீர்கள். வேகம் ஏற ஏற ஸ்டிக் பக்கவாட்டில் அசைய மறுக்கிறது. “மோட்டர் சிக்கிவிட்டது.” இல்லை. 1942 ஜூனில் அலாஸ்காவின் அகுட்டான் தீவில் விழுந்த ஒரு ஜீரோவை அமெரிக்கர்கள் மீட்டுத் திருத்திப் பறந்து பார்த்தார்கள். 200 நொட்டுக்கு மேல், அதாவது மணிக்கு ஏறத்தாழ 370 கிலோமீற்றருக்கு மேல், எயிலரோன் (விமானத்தை இடவலம் சாய்க்கும் இறக்கை மடல்) இறுகிவிடுகிறது என்று குறித்தார்கள். ஆரம்ப ஸ்பிட்ஃபயரின் துணி போர்த்திய எயிலரோனும் பெரு வேகத்தில் இப்படித்தான் கனத்தது, பிறகு உலோகத்தகடு போட்டார்கள். ஜெர்மனியின் பிஎஃப் 109இல் பாய்ச்சலின்போது எலிவேற்றர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கல்லாகும். இந்தக் கனத்தைக் கைக்குக் கொண்டுவரத்தான் இந்த ஸ்டிக்கை வாங்குகிறோம். பாரமாக இருக்கிறதென்று விசையைக் குறைத்துவிட்டால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. வேகத்தைக் குறையுங்கள், விசையை அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. எஃப்-16இல் ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். உண்மை விமானத்திலும் தெரியாது. அதன் பக்கவாட்டு ஸ்டிக் கையின் அழுத்தத்தை அளப்பது, முதலில் அசையாமலே இருந்தது, பிறகுதான் சிறிய அசைவைச் சேர்த்தார்கள். காற்றின் கனம் கைக்கு வருவதே இல்லை. எஃப்/ஏ-18இலும் கையில் தெரிவது ஸ்ப்ரிங்தான்.

ஆடும் ஸ்டிக், சூடாகும் ஸ்டிக்

கையை எடுத்ததும் ஸ்டிக் தானாக இடமும் வலமும் ஆடத் தொடங்கினால் சென்சர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஸ்டிக் நகர்ந்த செய்தி கணினிக்குப் போய்த் திரும்பி விசையாக வருவதற்குள் சிறு தாமதம் இருக்கிறது. இழுவை பலமாகவும் தணிப்பு குறைவாகவும் இருந்தால் ஸ்டிக் நடுவைத் தாண்டி ஓடும், திருப்பி இழுக்கப்பட்டு மற்றப் பக்கமும் தாண்டும். தணிப்புக்கான டம்பர் செட்டிங்கைக் கொஞ்சம் கூட்டுங்கள், ஸ்ப்ரிங்கைக் குறையுங்கள்.

சைட்வைண்டர் 2இன் பிடியில் ஒரு ஒளிச் சென்சர் உண்டு, கை விலகினால் மோட்டர் ஓய்ந்துவிடும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி ஏமாற்றுவது பழைய தந்திரம். ஹெலிகொப்டரில் வசதிதான், ஆனால் ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள ஸ்டிக்குக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிடுகிறீர்கள். டேப் ஒட்டினால் எழும்பிப் போகும்போது பவரை நிறுத்துங்கள்.

அரை மணித்தியாலத்தில் விசை மெலிந்து போனால் பெரும்பாலும் சூடு. ட்ரிம் செய்யாமல் ஸ்டிக்கைப் பிடித்து வைத்துக்கொண்டே பறப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். அந்த நேரம் முழுக்க மோட்டர் சுழலாமல் உங்கள் கையோடு மல்லுக்கட்டி நிற்கிறது, போகும் மின்சாரமெல்லாம் வெப்பமாகிறது. ஏசி இல்லாத வெள்ளவத்தை அறையில், பின்னேரம் மூன்று மணிக்கு அது எங்கே போய் ஆறும்?

புது மோட்டர் ஸ்டிக்குகளை ஐகீயா மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டுவது இன்னொரு வீண்வேலை. விசை முழுவதும் மேசையை ஆட்டுவதில் போய்விடும். தரையில் நிற்கும் கனத்த சட்டம் வேண்டும். ஸ்டிக்கை உயர்த்த நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால் கையில் விசை குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 9 நியூட்டன் மீற்றர் தரும் மோட்டர், அச்சில் இருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் 30 நியூட்டன்தான் தரும், கிட்டத்தட்ட மூன்று கிலோ பாரம்.

திறந்தே ஆகவேண்டும் என்றால்

கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்று கனெக்டரையும் அசைவை அளக்கும் பொட்டென்ஷியோமீற்றரையும் அரித்துவிடும். ஸ்டிக்கைத் திருகும் அச்சில் ரடர் தானாகத் துடித்தால் காரணம் அங்கே இருக்கலாம். துரு விடுவிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்காதீர்கள், படலம் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். கொன்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள். சுவர் மின்சாரம் உள்ளே வரும் ஸ்டிக் என்றால் பிளக்கைக் கழற்றிய பிறகும் கப்பாசிட்டரில் மின்னூட்டம் நிற்கும், விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே உத்தமம்.

1997ஆம் ஆண்டு புரோ மொடல் மலிவாகக் கிடைத்தால் அதன் பிளக்கைப் பாருங்கள், யூஎஸ்பிக்கு முந்தைய 15 பின் கேம்போர்ட். யூனிட்டி பிளாசாவில் கிடைக்கும் சாதாரண யூஎஸ்பி கொன்வேர்ட்டர் போட்டால் விசை வராது. அந்த மொடலுக்கு விசைக் கட்டளைகள் போனது கேம்போர்ட்டில் இசைக்கருவிகளுக்காக இருந்த மிடி இணைப்பு வழியாக, சாதாரண கொன்வேர்ட்டர்கள் அதைத் தொடுவதே இல்லை. டீன்ஸி 2.0 போன்ற சிறு சர்க்கிட் போர்ட்டில் அடப்ட் எஃப்எஃப்பி ஜோய் என்ற இலவச ஃபேர்ம்வெயாரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருளை) ஏற்றி, வயரை நீங்களே ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் கூடக் காசு கொடுத்து யூஎஸ்பி மொடலையே வாங்கிவிடலாம்.