பரிசுப் பெட்டி சுற்றும் வேலைக்கு வந்தவர்களே, இதையெல்லாம் செய்யாதீர்கள்

டோக்கியோவில் படிக்க வந்து, கைச்செலவுக்காக டிபார்ட்மென்ட் ஸ்டோர் கீழ்த்தளத்து இனிப்புக் கடைகளில் பகுதி நேர வேலைக்குச் சேரும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். புதிதில் நான் எதெதற்குத் திட்டு வாங்கினேனோ, அதையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். தாள் கசங்குவது, மூலை பிதுங்குவது எல்லாம் கை பழகினால் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

எதற்கு என்று கேட்காமல் சுற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். பரிசுக்கு என்று வாடிக்கையாளர் சொன்னதுமே தாளை உருவிவிடுகிறார்கள். என்ன விசேஷம், பெட்டியின் மேல் போடும் முடிச்சுப் படம் அச்சிட்ட நோஷித் தாள் வேண்டுமா, அது சுற்றும் தாளுக்கு உள்ளேயா வெளியேயா, எதுவும் கேட்பதில்லை. நோஷியில் அச்சடித்திருக்கும் மிசுஹிகி என்கிற இழை முடிச்சு வெறும் அலங்காரம் இல்லை. இழுத்தால் அவிழும் பூமுடிச்சு, மறுபடி மறுபடி வந்தாலும் சந்தோஷம்தான் என்கிற காரியங்களுக்கு: குழந்தை பிறப்பு, பள்ளியில் சேர்வது, கோடையில் கொடுக்கும் ஓசூகென், ஆண்டு இறுதி ஓசெய்போ. அவிழாத இறுக்க முடிச்சு, ஒரு தடவையே போதும் என்பவற்றுக்கு: கல்யாணம், நோய் குணமானது, சாவு. கல்யாணத்துக்குச் சிவப்பும் வெள்ளையுமாகப் பத்து இழை. துக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை, ஒசாகா, கியோட்டோ இருக்கும் கன்சாய் பக்கம் மஞ்சள் வெள்ளையும் உண்டு.

முன்பு நான் வேலை பார்த்த கடையில் ஒரு பையன் கல்யாணப் பரிசுக்குப் பூமுடிச்சுத் தாளை ஒட்டி, மேலே அழகாகச் சுற்றியும் கொடுத்துவிட்டான். நோஷி உள்ளே இருந்ததால் வாங்கியவர் கண்ணில் படவே இல்லை, பிரித்துப் பார்த்தது பெண் வீட்டார். இன்னொரு கல்யாணமும் நடக்கட்டும் என்று வாழ்த்தினால் எப்படி இருக்கும்? கடைக்கு போன் வந்து, மேலாளர் புதுப் பெட்டியோடு ரயிலேறிப் போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பையனிடம் விசாரித்தால், "கேட்டா எனக்கு பாஷை தெரியலன்னு நினைப்பாங்கண்ணே" என்கிறான். அட, அதற்குத்தானே மாதிரித் தாள்களைக் கோப்பாகப் போட்டு வைத்திருக்கிறார்கள், அதைத் திறந்து காட்டி எது என்று விரலை வைக்கச் சொன்னால் முடிந்தது வேலை.

பெட்டியின் தலையைப் பார்க்காமல் தொடங்குவது

மூலைவாக்கில் சுற்றி முடித்துப் பின்பக்கம் பார்த்தால், சுபகாரியத்துக்கு வலப்பக்க மடிப்பு மேலே இருக்க வேண்டும், துக்கத்துக்கு இடப்பக்கம். இதற்காகச் சுற்றும் முறையை மாற்ற வேண்டாம், துக்கத்துக்கு என்றால் தொடங்கும்போதே பெட்டியின் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பி வைத்தால் போதும்.

டேப்பை இழுத்து இழுத்து ஒட்டுவது

தாளைக் கிழிக்காமல் பிரித்து எடுத்து வைப்பவர்கள் இங்கே நிறைய. மிட்சுகோஷி டிபார்ட்மென்ட் ஸ்டோரின் சிவப்பு வெள்ளைத் தாள் 1950-ல் ஓவியர் இனோகுமா கெனிச்சிரோ வரைந்தது. அதில் கடைப் பெயரை எழுதியவர் அப்போது அங்கே ஊழியராக இருந்த யனாசே தகாஷி, ஆமாம், பிற்பாடு குழந்தைகளின் கார்ட்டூன் நாயகன் அன்பன்மானைப் படைத்தவரேதான். அப்படிப்பட்ட தாளின் மேல் அரையடி டேப்பை ஒட்டினால் வயிறு எரியாதா?

கல்லாவுக்கு மேலாகப் பையை நீட்டுவது

வேண்டாம். கல்லாவைச் சுற்றி வெளியே வந்து இரண்டு கையாலும் கொடுங்கள்.

மழையைக் கவனிக்காமல் விடுவது

மழை என்றால் காகிதப் பைக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். கீழ்த்தளத்தில் நிற்பவருக்கு வெளியே பெய்வது எங்கே தெரியப் போகிறது? பல கடைகளில் மழை தொடங்கியதும் ஒலிக்கும் இசையை மாற்றுவார்கள், ஊழியர்களுக்கு அதுதான் சைகை. உங்கள் கடையில் அது எந்தப் பாட்டு என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.