குழந்தைக்கு முயலும்போது காபியை அளப்பது எப்படி?

காபியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்றிரண்டு கப் குடிப்பதால் கருத்தரிப்பு தடைபடுவதாகத் தெளிவான சான்று இல்லை. 500 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் போனால்தான் வாய்ப்பு குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனாலும் பெண்கள் இப்போதே 200 மி.கி.க்குள் நிற்பது நல்லது. கர்ப்பிணிகளுக்குப் பல மருத்துவ அமைப்புகள் சொல்லும் வரம்பு அதுதான். கரு தங்கியது தெரியவரும் முன்பே சில வாரங்கள் ஓடிவிடும்.

முதலில் உங்கள் டம்ளரை அளந்து பாருங்கள். 150 மி.லி. ஃபில்டர் காபியில் 80 முதல் 120 மி.கி., இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65 மி.கி. காஃபீன் இருக்கும். கணக்கு பிசகுவது டிகாக்‌ஷனில்தான்: பாலைக் கூட்டினாலும் ஊற்றிய டிகாக்‌ஷன் அதேயென்றால் காஃபீனும் அதேதான். சிக்கரியில் காஃபீன் கிடையாது, அதனால் சிக்கரி கலந்த தூளில் சற்றுக் குறையும். கோலா, எனர்ஜி டிரிங்க், சாக்லேட், சில தலைவலி மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள்.

ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலைவலி வரலாம், சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை டிகாக்‌ஷனில் கால் பங்கு குறையுங்கள். மாலைக் காபியை முதலில் விடுங்கள், தூக்கமும் சீராகும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

ஆண்களைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. காபியைவிட, அதோடு பிடிக்கும் சிகரெட்டை முதலில் விடச் சொல்லுங்கள். ஓராண்டு முயன்றும், 35 வயதைத் தாண்டிய பெண்ணென்றால் ஆறு மாதம் முயன்றும் கரு தங்காவிட்டால், இருவருமே மருத்துவரைப் பாருங்கள்.