போலந்து கிழக்கு எல்லையில குடியேறின குடும்பங்களைத் தேடுறது எப்படி? (ஓசாட்னிக் குடும்பங்கள்)

கூட வேலை பார்க்கிற போலிஷ் அக்கா ஒருத்தங்களோட பாட்டி சின்ன வயசுல கோலாப்பூர் பக்கத்துல வலிவாடே அகதி முகாம்ல இருந்தவங்க. அதுக்கு முன்னாடி எங்க இருந்தாங்கன்னு கேட்டா "வோலின்ல நிலம் இருந்துச்சு, 1940 குளிர்ல ரயில்ல ஏத்திட்டாங்க", வீட்ல அவ்ளோதான் தெரியும். (வோலின் அப்போ போலந்தோட கிழக்குப் பகுதி, இப்போ உக்ரைன்ல இருக்கு.) ரெண்டு பேரும் சேர்ந்து தேடி ஊர், நிலம், நாடு கடத்தின இடம் எல்லாத்தையும் கண்டுபிடிச்சோம், அந்த வழியை இங்க எழுதுறேன். யாரைத் தேடுறோமோ அவரோட பேர், பிறந்த வருஷம், அப்பா பேர், இந்த மூணும் கையில இருக்குன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாம்.

1. ராணுவக் குடியேற்றமா, சிவிலா?

இதை முதல்ல முடிவு பண்ணிடுங்க. 1920 டிசம்பர் 17-ல போலந்து பார்லிமென்ட் சட்டம் போட்டு, சோவியத்தோட நடந்த சண்டையில நின்ன சிப்பாய்களுக்குக் கிழக்கு எல்லையில நிலம் குடுத்துச்சு. தானா முன்வந்து போர்முனைக்குப் போனவங்களுக்கும் வீரப் பதக்கம் வாங்கினவங்களுக்கும் இலவசம். சட்டத்துல உச்சவரம்பு 45 ஹெக்டேர், ஆனா கைக்கு வந்தது பெரும்பாலும் அதுல பாதிகூட இல்ல. 1923-லயே புதுசா குடுக்கிறதை நிறுத்திட்டாங்க. இவங்கதான் ராணுவ ஓசாட்னிக் (ஓசாட்னிக்னா போலிஷ்ல குடியேறினவர்). சிவில் குடியேறினவங்க வேற, ஜனநெருக்கடியான தெற்கு, மத்திய போலந்துல இருந்த துண்டு நிலத்தை வித்துட்டு, பெரிய பண்ணைகளைப் பிரிச்சு வித்தப்போ காசு குடுத்து வாங்கினவங்க, 1925 நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு அப்புறமும் இது தொடர்ந்துச்சு.

"தாத்தா பட்டாளத்துல இருந்தாரு"ங்கிறதை மட்டும் ஆதாரமா எடுத்துக்காதீங்க, 1920-ல வாலிபமா இருந்த ஆம்பளைங்கள்ல ஏகப்பட்ட பேர் பட்டாளத்துல இருந்தவங்கதான். நிலம் எந்த வருஷம், காசுக்கா இலவசமான்னு கேளுங்க. ஊர்ப்பேர்ல ரெஜிமென்ட் வாசனை அடிச்சாலும் துப்புதான், ரூவ்னெ பக்கத்துல இருந்த ஓசாடா க்ரெஹோவியெட்ஸ்காவுக்கு க்ரெஹோவ்ட்ஸே குதிரைப்படையை வச்சுதான் பேர்.

ஒண்ணு சொல்லணும். அந்த நிலத்துக்குப் பக்கத்துலயே உக்ரேனிய, பெலாரஷ்ய விவசாயிங்க நிலம் பத்தாம தவிச்சிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு இது பெரிய வலி. குடும்பக் கதை எழுதுறவங்க அதை விட்டுட்டு எழுதக்கூடாதுங்கிறது என் உறுதியான கருத்து.

2. ஊரைப் பிடிக்கிறது (இதுலதான் நேரம் போகும்)

குடும்பம் சொல்ற பேரை கூகுள் மேப்ல போட்டா ஒண்ணும் வராது, இல்லன்னா போலந்துல வேற எங்கயோ அதே பேர்ல இருக்கிற ஊரைக் காட்டும். ஓசாடா, கொலோனியான்னு சொல்றது பல இடத்துல வயலுக்கு நடுவுல தள்ளித் தள்ளி நின்ன பத்து இருபது வீடுதான், ஆளுங்களைக் கடத்தின பிறகு வீட்டையும் பிரிச்சுட்டாங்க, அந்த இடம் இப்போ வெறும் வயல். அதனால ஊரைத் தேடாம க்மினாவையும் பொவியாட்டையும் தேடுங்க. க்மினான்னா நம்ம ஊராட்சி ஒன்றியம் மாதிரி, பொவியாட் மாவட்டம் மாதிரி. பொவியாட் தெரிஞ்சாத்தான் எந்த சர்ச், எந்த ஆவணக் காப்பகம்னு தெரியும், அது இல்லாம எங்க லெட்டர் போட்டாலும் வேஸ்ட்.

1934-ல அச்சான போலந்து இடப்பெயர்ப் பட்டியல் ஒண்ணு இருக்கு, "ஸ்கோரோவிட்ஸ்"னு தேடினா போலிஷ் டிஜிட்டல் லைப்ரரிகள்ல ஸ்கேன் கிடைக்கும். ஒவ்வொரு ஊருக்கும் க்மினா, பொவியாட், தபால் ஆபீஸ், ரயில் ஸ்டேஷன், சர்ச் எல்லாம் ஒரே வரியில இருக்கும். ஒரே பேர்ல நாலு ஊர் வந்தா, வீட்ல யாராவது ஞாபகம் வச்சிருக்கிற ரயில் ஸ்டேஷன் பேரை வச்சுக் கழிச்சுக்கிட்டே வாங்க, வயசானவங்களுக்கு ஊர்ப்பேரை விட ஸ்டேஷன் பேரும் சந்தை நடந்த டவுன் பேரும் நல்லா ஞாபகம் இருக்கும்.

அப்புறம் மேப். போருக்கு முன்னாடி போலந்து ராணுவ நில அளவைத் துறை போட்ட 1:1,00,000 மேப் மட்டும்தான் எனக்கு நம்பிக்கை, மாப்ஸ்டர் சைட்ல இலவசமா இறக்கிக்கலாம். சின்னச் சின்ன கொலோனியா கூட அதுல இருக்கும். வம்சாவளி சைட்கள்ல யாரோ போட்ட மேப் பின்னை நம்பாதீங்க.

3. நாடு கடத்தின பட்டியல்

1939-ல கிழக்குப் போலந்தை சோவியத் பிடிச்சுடுச்சு. 1940 பிப்ரவரி 10, சோவியத் ரகசியப் போலீஸ் அங்க நடத்தின முதல் பெரிய நாடுகடத்தல். கிட்டத்தட்ட 1,40,000 பேர், முக்கியமா ஓசாட்னிக் குடும்பங்களும் வனத்துறை ஊழியர் குடும்பங்களும். ஆர்க்காங்கெல்ஸ்க், கோமி, யூரல், சைபீரியான்னு மரம் வெட்டுற முகாம்களுக்கு அனுப்பினாங்க. ராணுவமா சிவிலான்னு அவங்க பார்க்கல, ரெண்டு பேரையும்தான் ஏத்தினாங்க.

போலந்து தேசிய நினைவு நிறுவனம் நடத்துற "இண்டெக்ஸ் ரெப்ரெஸ்யோனோவானிஹ்" (ஒடுக்கப்பட்டவங்க பட்டியல்) இலவச டேட்டாபேஸ். பிறந்த வருஷம், அப்பா பேர், கடத்தின தேதி, எந்தப் பிராந்தியம், 1941-ல விடுதலையான தேதி இதெல்லாம் இருக்கும். ஆனா மூலப் பதிவுகள் நிறைய ரஷ்ய எழுத்துல இருந்து திரும்ப போலிஷுக்கு வந்தது, அதனால பேர் உடைஞ்சிருக்கும். 'ஹ' சத்தம் 'க' ஆகும், 'வூய்ட்சிக்' மாதிரி பேர்ல எழுத்தே மாறும். குடும்பப் பேரை விட்டுட்டு, பிள்ளைங்க பேரையும் அப்பா பேரையும் போட்டுத் தேடுங்க, நாலு பிள்ளைங்களும் ஒரே தேதி, ஒரே முகாம்னு வரிசையா வந்தா அதுதான் உங்க குடும்பம். பிறந்த வருஷம் ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன இருந்தா பயப்படாதீங்க. எனக்கு வம்சாவளி சாஃப்ட்வேர் எதுவும் பிடிக்கல, எக்செல்ல ஆளுக்கு ஒரு வரி, பேர் எழுதியிருக்கிற ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு காலம் (column), அது போதும்.

4. காகிதம்

ராணுவக் குடியேற்றம்னா வார்சாவுல இருக்கிற ராணுவ வரலாற்று அலுவலகத்துக்கு பேர், பிறந்த தேதி, அப்பா பேர் போட்டு மெயில் அனுப்புங்க, பதக்கத்துக்கு விண்ணப்பிச்ச ஃபைல் இருந்தா அதுல அவரே எழுதின வாழ்க்கைக் குறிப்பு கூட இருக்கலாம். மெயிலை போலிஷ்ல சின்ன சின்ன வாக்கியமா எழுதுங்க, மொழிபெயர்ப்புக்கு டீப்எல் நல்லா இருக்கு.

ஞானஸ்நானப் பதிவுக்கு, தப்பிச்ச கிழக்குப் பகுதி சர்ச் புத்தகங்கள்ல பழசு வார்சாவுல ஆகாட் காப்பகத்துல, நூறு வருஷம் ஆகாத பிறப்புப் பதிவு வார்சா சிவில் பதிவு அலுவலகத்துல. நில ஆவணம் ரிவ்னெ (மேல சொன்ன ரூவ்னெதான்), லுட்ஸ்க், ப்ரெஸ்ட், க்ரோத்னோ மாதிரி அந்தந்த ஊர் காப்பகத்துலதான்.

5. 1941-க்கு அப்புறம்

கடத்தின போலந்துக்காரங்களுக்கு சோவியத் குடுத்த 1941 ஆகஸ்ட் பொதுமன்னிப்புக்கு அப்புறம் பாதை ரெண்டா பிரியும். ஆண்டர்ஸ் படையோட (ஜெனரல் ஆண்டர்ஸ் தலைமையில சோவியத்துலயே திரட்டின போலந்துப் படை) 1942-ல காஸ்பியன் கடல் தாண்டி ஈரானுக்குப் போனவங்க அங்கிருந்து வலிவாடே, ஜாம்நகர் பக்கத்து பாலாசடி, தான்சானியாவுல தெங்கேரு, நியூசிலாந்து பஹியாட்டுவா வரைக்கும் சிதறினாங்க. இவங்களுக்கு க்ரெஸி-சைபீரியா அமைப்போட ஆன்லைன் பெயர்ச் சுவரும், லண்டன் சிகோர்ஸ்கி மியூசியமும் பாருங்க. வெளிய வர முடியாதவங்க பெரும்பாலும் 1946 வாக்குல போலந்தோட புது மேற்குப் பகுதிகளுக்குப் போனாங்க. அந்தக் கிளையில யாராவது 2005 சட்டப்படி இழந்த சொத்துக்கு நஷ்டஈடு கேட்டிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், அந்த ஃபைல்ல நிலத்தோட அளவு, க்மினா, சாட்சி வாக்குமூலம் எல்லாம் இருக்க வாய்ப்பு உண்டு. சொந்தக்காரங்களைக் கேட்டு வாங்கிடுங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர், தன்னோட குடும்பம் ஓசாட்னிக்தான் ஆனா பிப்ரவரி பட்டியல்ல இல்ல, கஜகஸ்தான்ல இருக்குன்னு கேட்டிருந்தார். கடத்தின தேதியைப் பாருங்க. 1940 ஏப்ரல் 13-ன்னு இருந்தா அது ஏற்கெனவே கைதானவங்களோட குடும்பங்களைக் கடத்தின அலை, அதாவது வீட்டுக்காரரை அதுக்கு முன்னாடியே பிடிச்சிருக்காங்க. அப்போ அவரை கைதிகள் பட்டியல்லயும் கட்டின் பட்டியல்லயும் (1940-ல சோவியத் சுட்டுக் கொன்ன போலந்து அதிகாரிகள், போலீஸ்காரங்க பட்டியல்) தனியா தேடணும்.

இன்னொரு அப்டேட்: தாத்தா ஃபாரஸ்ட் கார்டு, நிலமே கிடையாது, ஆனா தேதி பிப்ரவரி 10-ன்னு இன்னொருத்தங்க எழுதியிருக்காங்க. அது தப்பான பதிவு இல்ல, வனத்துறைக் குடும்பங்களையும் அதே ராத்திரிதான் கூட்டிட்டுப் போனாங்க. நீங்க படி 1-ஐ விட்டுட்டு நேரா 2-க்குப் போங்க, ஊருக்குப் பதிலா அவர் வேலை பார்த்த வனச்சரகம் எந்தப் பொவியாட்னு பாருங்க.