ஓடாத நாளில்தான் கால் தேறியது

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த வருஷம், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி மேடுகளில் வாரம் ஏழு நாளும் ஓடினேன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பயம்! இரண்டு மாதத்தில் வேகம் குறைந்தது, கால் கனத்தது, தூக்கமும் கெட்டது. போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினேன். என்ன புத்தியோ.

பக்கத்து வீட்டு அண்ணன் பலமுறை அந்த ஓட்டத்தை முடித்தவர். "காலையில எழுந்ததும் நாடியை எண்ணிப் பாரு தம்பி" என்றார். வழக்கமாக 56, அன்று 67. "உடம்பு இன்னும் நேத்து ஓட்டத்திலேயே இருக்கு."

ஓடும்போது தசை இழைகளில் நுண்ணிய சேதம் விழும். தசை சேர்த்துவைத்த கிளைகோஜன், அதாவது ஓட்டத்துக்கு எரிபொருளான சர்க்கரைச் சேமிப்பு, கரையும். அது நிரம்ப ஒரு நாளாவது பிடிக்கும். பழுது பார்ப்பதெல்லாம் ஓய்வில்தான், முக்கியமாக ஆழ்ந்த தூக்கத்தில். நான் அதற்கு இடமே விடவில்லை.

சரி என்று பத்து நாள் வெறும் நடை. அப்புறம் திங்களும் வெள்ளியும் ஓய்வு, ஒவ்வொரு நான்காவது வாரமும் பாதித் தூரம், இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. (வாரம் ஒரு பீன்ஸ் 'பன்னி சௌ', அதாவது குடைந்த ரொட்டிக்குள் ஊற்றிய பீன்ஸ் கறி, அதை மட்டும் விடவில்லை.) மூன்று வாரத்தில் நாடி 57. நடந்து ஏறிய அதே மேட்டை இப்போது நிற்காமல் ஓடுகிறேன்.