விளம்பரச் செலவில்லாமல் இணையதளத்துக்கு ஆட்களை வரவழைப்பது எப்படி? ஆரணிப் பட்டுத் தளம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

ஆரணியில் என் சித்தப்பா வீட்டில் இரண்டு கைத்தறிகள் ஓடுகின்றன. இடைத்தரகர் கையை எதிர்பார்க்காமல் வாங்குகிறவர்களுக்கே நேரடியாகப் புடவை விற்க வேண்டும் என்ற எண்ணத்தில், அவருக்கு ஒரு சிறிய இணையதளத்தை வேலூரிலிருந்தபடியே அமைத்துக் கொடுத்தேன். தறி ஓடும் வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டோம். பார்த்தவர்கள் பலர், இதயக்குறி இட்டவர்களும் பலர். ஆனால் தளத்துக்குள் வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். “இவ்ளோ பேர் பார்த்திருக்காங்க, ஒருத்தர்கூட உள்ள வரலையேப்பா” என்று சித்தப்பா கேட்ட பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். தளத்தின் முகவரியை வீடியோவின் கீழே எழுதியிருந்தோம். இன்ஸ்டாகிராமில் அந்த இடத்தில் எழுதும் முகவரியை அழுத்தினால் எதுவும் திறக்காது. அப்படியே திறந்திருந்தாலும் வந்தவர் முகப்புப் பக்கத்தில்தான் நின்றிருப்பார். அவர் மனத்தில் இருந்த கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

வாங்குகிறவர் கேட்கும் ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்லும் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக்கே நேராக இட்டுச்செல்லும் ஒரு லிங்க் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் சமூக ஊடகத்தில் பார்ப்பவர் தளத்துக்கு வருவார். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றையும் பொருத்துவதற்கான வேலைதான்.

முதல் படி: வந்து சேரும் பக்கத்தைத் தயார் செய்யுங்கள்

பதிவு போடுவதற்கு முன்பு, வாங்குகிறவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளை ஒரு வாரத்துக்கு அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சித்தியின் நோட்டில் திரும்பத் திரும்ப வந்தவை நான்கு கேள்விகள்: இது கைத்தறியா விசைத்தறியா, பட்டு அசல்தானா, எப்படித் துவைப்பது, ரவிக்கைத் துணி சேர்ந்து வருமா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதினோம்.

பதில் மேலோட்டமாக இருந்தால் வந்தவர் உடனே திரும்பிவிடுவார். கைத்தறிப் புடவை நெய்யும்போது துணியை விரைப்பாக விரித்துப் பிடிக்கும் குச்சியின் ஊசிமுனைகள் இரு கரைகளின் ஓரத்திலும் மிக நுண்ணிய துளைகளை விட்டுச் செல்வதுண்டு. அந்தத் துளைகளைப் பக்கத்திலிருந்து படமெடுத்து, விரல் நுனி வைத்த இடத்தையும் காட்டி எங்கள் முதல் பக்கத்தை அமைத்தோம். இரண்டாம் பக்கத்தில், முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்துத் தீயில் காட்டினால் அசல் பட்டு முடி கருகும் வாசத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலாகிவிடும் என்பதையும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணி போல ஆகிவிடும் என்பதையும் படங்களோடு விளக்கினோம். மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையை எங்கே பார்ப்பது என்பதையும் அதே பக்கத்தில் சேர்த்தோம்.

பக்கத்தின் முகவரியை ரோமன் எழுத்தில், மூன்று நான்கு சொற்களில் வையுங்கள். தமிழில் வைத்தால் உலாவியின் மேலே அழகாகத்தான் தெரியும். ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் ஒவ்வொரு எழுத்தும், அதோடு சேரும் கொம்பு, புள்ளி போன்ற ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளும் ரோமன் எழுத்துகளும் எண்களுமாக ஒன்பது இடம் பிடிக்கும் சரமாக மாறிவிடும். அந்த நீண்ட சரத்தைப் பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து அழுத்தாமல் போய்விடுகிறார். பக்கத்துக்குள் இருக்கும் எழுத்து நல்ல தமிழில் இருக்கட்டும்.

லிங்க்கைப் பகிரும்போது தோன்றும் சிறு படத்தையும் தலைப்பையும் நாமே தீர்மானிக்கலாம். இதற்கு ஓப்பன் கிராஃப் என்ற குறியீடு பயன்படுகிறது. தளத்தை வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் அமைத்தவர்களுக்கு, தேடுபொறியில் தளம் தெரிவதற்கு உதவும் எஸ்இஓ செருகுநிரல்களில் (கூடுதலாக இணைக்கும் சிறு மென்பொருள்கள்) இதற்கான பெட்டி உண்டு. 1200க்கு 630 பிக்சல் அளவில், கோப்பின் எடை குறைவாக ஒரு படத்தைத் தந்துவிட்டு, லிங்க்கை முதலில் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கே அனுப்பிப் பாருங்கள். படத்தை மாற்றிய பிறகும் ஃபேஸ்புக்கில் பழையதே தெரிந்தால், அந்நிறுவனம் இலவசமாகத் தரும் ஷேரிங் டீபக்கரில் முகவரியை இட்டுப் புதுப்பிக்கலாம்.

இரண்டாம் படி: லிங்க் எங்கே திறக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். இன்ஸ்டாகிராமில் சுயவிவரப் பகுதியில் ஐந்து லிங்க்குகள் வரை வைக்கலாம். 2023 ஏப்ரலுக்கு முன்பு ஒன்றுதான் வைக்க முடிந்தது. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கரை ஒட்டும் வசதி 2021 அக்டோபரிலிருந்து எல்லாக் கணக்குகளுக்கும் வந்துவிட்டது. ஆகவே ரீல்ஸைப் போட்ட அன்றே அதை ஸ்டோரியிலும் பகிர்ந்து, அதன்மேல் உரிய பக்கத்தின் ஸ்டிக்கரை ஒட்டுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதைச் சுயவிவரப் பக்கத்தில் நிலையாக நிற்கும் ஹைலைட்டில் சேமித்துவைப்பதும் அவசியம்.

யூடியூபில் ஷார்ட்ஸின் விளக்கத்திலும் கருத்துகளிலும் இடும் லிங்க்குகள் 2023 ஆகஸ்ட் 31இலிருந்து அழுத்தினால் திறப்பதில்லை. ஆனால் ஷார்ட்ஸிலிருந்து உங்களுடைய நீண்ட வீடியோ ஒன்றுக்கு வழி காட்டலாம். அந்த நீண்ட வீடியோவின் விளக்கத்தில் முதல் வரியிலேயே லிங்க்கை வையுங்கள். புதிய சேனலாக இருந்தால் கூகுள் கேட்கும் சரிபார்ப்புகளை முடித்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து அழுத்திச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்புக் பதிவிலும் வாட்ஸ்அப்பிலும் லிங்க் நேராகவே திறக்கும். படங்களைத் தேடிச் சேமிக்கும் தளமான பின்டரெஸ்ட்டை நம் பக்கத்தில் பலரும் கண்டுகொள்வதில்லை. புடவை, நகை, கோலம் போன்று கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பொருள்களுக்கு அது மிகவும் ஏற்றது என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனி லிங்க் கொடுக்கலாம், நிறத்தையும் வேலைப்பாட்டையும் சொல்லித் தேடுகிறவர்களுக்குப் பழைய படங்களும் கிடைக்கும். அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு உயரமுள்ள படம் அங்கே நன்றாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். இரண்டு போதும். நாங்கள் இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் படி: ஒரு பதிவில் ஒரே விஷயம்

ஆரணித் தெருவில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை (புடவையின் நெடுக்கு இழைகளை) இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சரிசெய்வார்கள். வெயில் ஏறுவதற்குள் அந்த வேலை முடிந்தாக வேண்டும். சித்தப்பா குனிந்து ஓர் இழையை விரல்களுக்கு இடையில் உருட்டி முடிவதை நாற்பது விநாடிக்குப் படமெடுத்தேன். பின்னணி இசை சேர்க்கவில்லை. பறவைச் சத்தமும் அவர் பேச்சும் மட்டும்தான். “கைத்தறிப் புடவையின் ஓரத்தில் நுண்துளை இருக்கும், ஏன் தெரியுமா?” என்ற கேள்வியைத் திரையில் இட்டு, அதற்கான பதிலையும் வீடியோவிலேயே இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டு, விசைத்தறியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் படங்கள் தளத்தில் இருப்பதாக முடித்தோம். பதிலை மறைத்துவைத்து, தெரிய வேண்டுமானால் லிங்க்கை அழுத்து என்று இழுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அப்படி வந்தவர் ஏமாந்த மனத்தோடுதான் உள்ளே நுழைகிறார்.

விளக்க வரிகளில், மக்கள் தட்டச்சு செய்யும் சொற்களைப் பயன்படுத்துங்கள். ஆரணியை ரோமன் எழுத்தில் நடுவில் ‘ஏ’ சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள், இரண்டையும் சேர்த்துக்கொண்டோம். 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், வெளியூர்க்காரர்கள் பலர் இன்னமும் வேலூர்ப் பக்கம் என்றுதான் அந்த ஊரை அடையாளம் காண்கிறார்கள். அதனால் வேலூர் என்ற பெயரும் எங்கள் பதிவுகளில் இடம்பெறும்.

மொழியும் இதைப் போன்றதுதான். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கும் விடுதிகளின் பலகைகள் வங்காள மொழியிலும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிகிச்சைக்கு வருகிறவர்களில் வங்காளிகள் ஏராளம் என்பதால் விடுதிக்காரர்கள் எப்போதோ அதைப் புரிந்துகொண்டார்கள். அப்படியொரு விடுதிக்குத் தளம் நடத்துகிறவர் தமிழில் மட்டும் பதிவு போட்டால், அறை தேடுகிறவர் கண்ணில் அது படாது.

நான்காம் படி: தேடும் காலத்துக்கு முன்பே போடுங்கள்

ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை பார்ப்பவர்கள் ஆடியிலேயே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். கடையில் கூட்டம் குறைந்த அந்த மாதத்தில்தான் நாங்கள் அதிகப் பதிவுகள் போடுகிறோம். கோயில், பயணம் பற்றிய தளங்களுக்கும் இது பொருந்தும். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கார்த்திகைக் கடை ஞாயிறு பற்றிய தகவலை அந்த ஞாயிறன்று போட்டு யாருக்கும் பயனில்லை. பேருந்து எங்கே ஏறுவது, குளத்தில் நீராடுவதற்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று குடும்பங்கள் பேசிக்கொள்வது அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பு.

ஐந்தாம் படி: குழுக்களில் நடந்துகொள்ளும் முறை

தொடக்கத்தில் ஒரே லிங்க்கை ஒரே நாளில் பல ஃபேஸ்புக் குழுக்களில் ஒட்டினேன். சில குழுக்கள் என்னை நீக்கிவிட்டன. சில நாள்களுக்கு எந்தக் குழுவிலும் பதிவிட முடியாதபடி என் கணக்கும் தடுக்கப்பட்டது. அந்தக் குழுக்களின் மேல் எனக்குக் குறையில்லை. இப்போது இரண்டு குழுக்களில் மட்டும் இருக்கிறேன். பட்டுப்புடவையில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது என்று ஒருவர் கேட்டால் முழுப் பதிலையும் அங்கேயே எழுதுகிறேன். படம் பார்த்தால்தான் புரியும் என்ற நிலையில் மட்டும், குழுவின் விதி இடம் கொடுத்தால், லிங்க்கைத் தருகிறேன்.

ஆறாம் படி: எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள்

தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் இலவசம். அதன் பழைய வடிவமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1இலிருந்து புதிய தரவைச் சேர்ப்பதில்லை. ஆகவே அதற்கு முந்தைய வழிகாட்டி வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் அழுத்தி வருகிறவர்கள் பெரும்பாலும் ‘டைரக்ட்’ என்ற பெயரில்தான் கணக்கில் ஏறுவார்கள், முகவரியைத் தாமே தட்டி வந்தவர்களைப் போல. இவர்களைப் பிரித்துப் பார்க்க லிங்க்கின் முடிவில் யூடிஎம் என்ற அடையாளத்தைச் சேர்க்க வேண்டும். கூகுளின் கேம்பெயின் யுஆர்எல் பில்டரில் மூன்று பெட்டிகளை நிரப்பினால் போதும்: சோர்ஸில் வாட்ஸ்அப், மீடியத்தில் சோஷியல், கேம்பெயினில் அந்தப் பதிவின் பெயர். மூன்றையும் எப்போதும் சிறிய ரோமன் எழுத்துகளிலேயே எழுதுங்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்தால் ஒரே ஊடகம் அறிக்கையில் இரண்டு வரிகளாகப் பிரிந்து நிற்கும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்குகளில் இந்த அடையாளத்தைச் சேர்க்கக் கூடாது.

ஏழாம் படி: வந்தவரோடு தொடர்பை வைத்துக்கொள்ளுங்கள்

2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. டிக்டாக்கை மட்டுமே நம்பியிருந்தவர்கள், சேர்த்துவைத்த பார்வையாளர்களை ஒரே இரவில் இழந்தார்கள். ஆகவே தளத்துக்கு வருகிறவரிடம், அவர் விரும்பினால் மட்டும், மின்னஞ்சலையோ வாட்ஸ்அப் எண்ணையோ கேட்டுப் பெறுங்கள். மாதம் இரண்டு முறைக்கு மேல் செய்தி அனுப்பாதீர்கள்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கையைத் திறந்து, எந்தப் பக்கத்தில் ஆட்கள் நின்று படிக்கிறார்கள் என்று பார்த்து, அடுத்த வேலையை அதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் தளத்தில் புடவைப் படங்களைவிடத் துவைக்கும் முறையைச் சொல்லும் பக்கத்துக்குத்தான் வாட்ஸ்அப்பிலிருந்து அதிகம் பேர் வருகிறார்கள். அக்கா தங்கைகளுக்கு அதைத் தாங்களே அனுப்பிவைக்கிறார்கள். ஆகவே அந்தப் பக்கத்தின் அடியில் தறியில் இப்போது இருக்கும் புடவையின் படத்தைச் சேர்த்திருக்கிறோம். சித்தி தன் கல்யாணப் புடவையை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி, பருத்தித் துணியில் சுற்றி வைப்பதைத்தான் அடுத்த வீடியோவாக எடுக்கப் போகிறேன்.