கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்னாஸ்டிக்குகளுக்கு

அறிய முடியாது, அதனால் கடவுள் உண்டென்றும் சொல்லமாட்டேன், இல்லையென்றும் சொல்லமாட்டேன் என்பவர் அக்னாஸ்டிக். 1869-ல் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி உண்டாக்கிய சொல். இப்படிப்பட்டவர் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சேரும்போது, மதம் மாற்றிவிடுவார்களோ என்றுதான் முதலில் யோசிப்பார். அதைவிட, திருப்பலியில் (கத்தோலிக்கரின் பூசை வழிபாட்டில்) எப்போது எழுவது, இறையியல் தாளில் என்ன எழுதுவது என்ற சின்ன விஷயங்களில்தான் தடுமாற்றம் வரும்.

உரிமை எது, கடமை எது என்பதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் 1990-ல் வெளியிட்ட 'எக்ஸ் கோர்தே எக்ளேசியே' என்ற ஆவணம் இரண்டையும் சொல்கிறது. ஒவ்வொருவருடைய மனச்சான்றின் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும். பதிலுக்கு மாணவர்கள் எல்லோரும், எந்த நம்பிக்கையும் இல்லாத ஆசிரியர்களும்கூட, நிறுவனத்தின் கத்தோலிக்க அடையாளத்தை மதிக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் மாணவர் கையேட்டில் மூன்று இடங்களைப் பாருங்கள். இறையியல், தத்துவம் எத்தனை தாள் கட்டாயம்? அவற்றில் ஒன்றுக்குப் பதில் உலக மதங்கள் போன்ற தாளை எடுக்கலாமா? திருப்பலி, தியானம் (ஒதுங்கியிருந்து செபிக்கும் நிகழ்ச்சி) போன்றவற்றுக்கு 'வருகை கட்டாயம்' என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால் விலக்கு உண்டா என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மூன்றாவது, மாணவர் மருத்துவமனையும் விடுதி விதிகளும். கருத்தடைச் சாதனம் அங்கே கிடைக்காமல் போகலாம். மருத்துவம், செவிலியம் படிப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். கருக்கலைப்பு, கருத்தடை அறுவை, சோதனைக்குழாய் கருத்தரிப்பு ஆகியவற்றைத் திருச்சபை ஏற்பதில்லை. அந்தப் பயிற்சிக்கு வேறு மருத்துவமனைக்கு அனுப்புவார்களா என்று தெரியாமல் சேர்ந்தால் பிறகு சங்கடம்.

இனி திருப்பலி. பட்டமளிப்பு நாளிலோ கல்வியாண்டுத் தொடக்கத்திலோ ஒருமுறையாவது உட்கார வேண்டிவரும். மற்றவர்கள் எழும்போது எழுங்கள், உட்காரும்போது உட்காருங்கள். அது மரியாதை, அவ்வளவுதான். மண்டியிடத் தேவையில்லை, அந்த நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். சிலுவை அடையாளம் போட வேண்டாம், விசுவாச அறிக்கையைச் சொல்ல வேண்டாம். சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுங்கள். அதற்கும் தயங்கினால்தான் முரட்டுத்தனம்.

தவறு நடப்பது நற்கருணையில், அதாவது திருப்பலியில் அப்பம் வழங்கும் நேரத்தில். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து போவார்கள். பழக்கமில்லாதவர் கூட்டத்தோடு தானும் எழுந்துவிடுவார். முன்னால் போய் நின்றதும் குருவானவர் அப்பத்தை உயர்த்தி "கிறிஸ்துவின் உடல்" என்பார். அதற்கு "ஆமென்" என்று பதில் சொன்னால் 'ஆம், நம்புகிறேன்' என்று பொருள். நம்பாதவர் அதைச் சொல்வது அவருக்கும் நேர்மையில்லை, அவர்களுக்கும் புண்படும். ஞானஸ்நானம் பெற்று, பின்னால் நம்பிக்கை போனவருக்கும் இது பொருந்தும். இடத்திலேயே இருங்கள், முழங்காலை ஒதுக்கி வழிவிட்டால் போதும். எழுந்து போய்விட்டால் இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வையுங்கள். பல இடங்களில் ஆசீர் மட்டும் கொடுத்து அனுப்புவார்கள். அப்பம் கைக்கு வந்துவிட்டதென்றால் பாக்கெட்டில் போடாதீர்கள், அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனில் நெற்றியில் பூசும் சாம்பல் வேறு வகை. அது நற்கருணையைப் போலத் திருவருட்சாதனம் (திருச்சபையின் ஏழு புனிதச் சடங்குகளில் ஒன்று) அல்ல, கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் பூசுவார்கள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

இறையியல் தாளில் மதிப்பெண் போவது நம்பிக்கை இல்லாததால் அல்ல. எதிர்க்கிற வாதத்தைச் சரியாகப் படிக்காமல் எதிர்ப்பதால். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கடவுள் இருக்கிறார் என்று நிறுவக் காட்டிய ஐந்து வழிகளில் இரண்டாம் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாவற்றுக்கும் காரணம் உண்டென்றால் கடவுளுக்கு யார் காரணம்?" என்று எழுதி, வெற்றி பெற்றதாக நினைப்பவர்கள் ஏராளம். அக்வினாஸ் அப்படிச் சொல்லவே இல்லை. எதுவும் தனக்குத்தானே காரணமாக இருக்க முடியாது, காரணங்களின் வரிசை முடிவில்லாமல் நீள முடியாது என்பதே அவர் வாதம். உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் இருந்தது என்பதைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தால்தான் ஏற்க முடியும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே முதல் பத்தியில் வாதத்தை, அதை முன்வைப்பவரே ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள். வரிசை ஏன் முடிவில்லாமல் போகக்கூடாது, உலகுக்கு உள்ளே செல்லுபடியாகும் காரணவிதி உலகுக்கு வெளியே செல்லுபடியாகுமா என்று பிறகு கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தத்துவவாதிகள் ஹியூமும் காண்ட்டும் துணைக்கு வருவார்கள். 'திருச்சபை போதிப்பதன்படி' என்று தொடங்கும் வாக்கியம் உங்கள் நம்பிக்கையை அடகு வைப்பதல்ல. தேர்வு கேட்பது அந்த விளக்கத்தைத்தான்.

ஆனால் ஒன்று. உங்கள் நிலைப்பாடு அவர்கள் போதனையோடு மோதுகிற இடம் உண்மையிலேயே இருக்கிறது. கடவுள் இருக்கிறார் என்பதைப் பகுத்தறிவின் ஒளியாலேயே அறியலாம் என்று திருச்சபை ஆயர்களின் பேரவையான முதல் வத்திக்கான் சங்கம் 1870-ல் வரையறுத்தது. 'அறிய முடியாது' என்பதை அது நேராக மறுக்கிறது. கடவுள் என்னவாக இருக்கிறார் என்பது நமக்குத் தெரியாது, என்னவாக இல்லை என்பதே தெரியும் என்று அக்வினாஸ் சொன்னதைக் காட்டி, அவரும் நம்ம ஆள்தான் என்று எழுதிவிடாதீர்கள். இருக்கிறார் என்பதை நிறுவிவிட்டதாகச் சொன்ன பிறகுதான் அவர் அதைச் சொல்கிறார்.

தியானத்துக்குக் கூப்பிட்டால் எத்தனை நாள், மௌன தியானமா, குழுவில் சொந்த அனுபவம் பேச வேண்டுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பேசுவது கட்டாயமென்றால் வேறு வழி கேளுங்கள்.

மனக் குழப்பத்தைப் பேசப் பல்கலைக்கழகத்தின் ஆன்மிகக் குருவானவரிடம் போகலாம், பலர் நன்றாகக் கேட்பார்கள். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கில்) சொல்வதற்கு உள்ள மீற முடியாத ரகசியக் காப்பு, அவர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதற்குக் கிடையாது. என்ன வெளியே போகும், என்ன போகாது என்பதை உட்கார்ந்தவுடனே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் தொழில்முறை மனநல ஆலோசகரிடம் போங்கள்; அவரிடமும் இதே கேள்விதான் முதல் கேள்வி.